கள்ள எண்ணு

போன வாரம் அஞ்சனா போன் செய்தாள். ஆரியசாலைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த எல்.பி. தொடக்கப் பள்ளியில், நான் விட்டு வந்த தமிழ் டிவிஷனுக்கு இப்போது அவள்தான் வகுப்பாசிரியை.

"ரூபி சாரே, இந்த வருஷம் பாஷைத் திருவிழா வெக்கறோம் கேட்டோ. ஒவ்வொரு பிள்ளையும் அதோட நாட்டு உடுப்பைப் போட்டு, பாஷை பேரு எழுதின அட்டையப் பிடிச்சு ஸ்டேஜ்ல நிக்கும். நம்ம பெங்காலிப் பிள்ளைகளுக்கு என்ன உடுப்பு சரியா இருக்கும்?"

திருவனந்தபுரத்தில் 'டீச்சர்' என்பதும் உண்டு, ஆனால் எதிரில் நின்றால் பெண் ஆசிரியரும் பெரும்பாலும் 'சார்'தான். முப்பத்தோரு வருடம் அப்படியே கூப்பிடப்பட்டவள் நான். கடைக்காரர் யாராவது 'அம்மா' என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பேன். உடுப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அஞ்சனாவும் விடவில்லை. காலை வருகைப் பதிவுக்கு ஆஜர் எடுக்கும்போது பிள்ளைகள் வாரம் ஒரு பாஷையில் எண் சொல்லும் வழக்கத்தை நான் எப்படித் தொடங்கினேன் என்று விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றாள். இப்போது பிள்ளைகளைச் சேர்ப்பதெல்லாம் கணினியில்தானாம். தாய்மொழி என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழுமாம், ஒன்றைத் தட்டினால் போதுமாம். அவள் அந்தப் 'போதும்' என்ற சொல்லைச் சொன்ன வேகத்தில்தான் எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் பிரிவுபசாரக் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். ரூபி சாருக்கு மொழிகள் மேல் இருந்த பிரியத்தால் அந்த வழக்கம் பிறந்தது என்று ஐந்து பேரும் சொன்னார்கள். கழுத்தில் மாலை கிடந்தது, மறுத்துப் பேச வாய் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டுச் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்த வழக்கம் அது. ஒரு பிள்ளையின் படிப்பே அதில் போகத் தெரிந்தது. மலரில் போடுவதானால் இதைப் போடட்டும்.

நான் எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. வீட்டிலும் சபையிலும் தமிழ், சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் என்று எனக்கே தெரியாது. ஆசிரியப் பயிற்சி, தற்காலிக வேலை, காத்திருப்பு எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடலாம். முதல் நிரந்தர வேலையில், ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்த ஆசிரியர் என்னைப் 'பாண்டி டீச்சர்' என்று கூப்பிட்டார். தமிழ் பேசுகிறவர் யாரானாலும் இங்கே சிலருக்குப் பாண்டிதான். நாகர்கோவிலோ காஞ்சிபுரமோ, எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். "சாரே, எனக்கு ஒரு பேரு இருக்கு. ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். சாக்பீஸ் பெட்டி என் மேசையில்தான் இருக்கும். பாண்டி டீச்சரிடம் கேட்டால் எனக்குக் காது கேட்காது, ரூபி டீச்சரிடம் கேட்டால் சாக்பீஸ் கிடைக்கும். ஓணப் பரீட்சைக்கு முன்னால் மனிதருக்கு என் பெயர் வந்துவிட்டது. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பெருமை பாதிதான் மிச்சம். ஏன் என்று கீழே வருகிறது.

கடைசிப் பத்து வருடத்தில் பெரும்பகுதி எனக்கு எச்.எம்.மாக இருந்தவர் விலாசினி டீச்சர். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை. அதன் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. வகுப்புக்கு வந்தால் உட்கார மாட்டார், சுவரில் சாயவும் மாட்டார். நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் முன்னால் எந்த ஆசிரியரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியது உள்ளங்கை அகலத் துண்டுத்தாளில் சிவப்பு மையில் வரும். ஆஜர் புத்தகத்துக்குள் செருகி பியூன் கொண்டு வருவார். ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு. படித்து, கீழே சுருக்கொப்பம் இட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வாயால் திட்டினால் சாயங்காலத்துக்குள் மறந்து போகும். நம் ஒப்பத்தோடு அவர் மேசை டிராயரில் தங்கிவிடும் துண்டுத்தாள் மறக்காது. பியூனின் செருப்புச் சத்தம் கேட்டாலே பக்கத்து வகுப்பு ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார்.

அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது மலையாளம். எதைக் கொண்டுபோய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "தெளிவு எவிடெ?" ஆதாரம் எங்கே என்று அர்த்தம்.

ஜூன் மாதத்தில் ஆறாம் வேலை நாள் எங்களுக்கெல்லாம் பரீட்சை நாள். அன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிப்பார்கள். நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த ஜூனில், என் தமிழ் டிவிஷனுக்கு ஒரு பிள்ளை குறைந்தது. ஆரியசாலை மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், தம்பானூர் ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தேன். அப்படியும் ஒன்று குறைந்தது. பூனை சீருடை போட்டு வந்தாலும் சேர்த்திருப்பேன்.

ஆறாம் நாள் காலை, முதல் மணி அடித்த பிறகு, தம்பானூரில் கட்டடம் கட்டும் இடத்து சூப்பர்வைசர் ஒருவர் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, காலுக்குப் பெரிய செருப்பு. பின்னால் வந்த தகப்பன் சுகலால், சிமென்ட் படிந்த பேன்ட்டோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பெங்காலியாணு சாரே. மலையாளம் அறியில்ல" என்றார் சூப்பர்வைசர்.

விலாசினி டீச்சர் என்னைப் பார்த்தார். "மலையாளம் அறியில்ல, தமிழும் அறியில்ல. எங்கில் நிங்ஙளுடெ கிளாசில் இருக்கட்டே." இரண்டும் தெரியாது, அப்படியானால் உங்கள் வகுப்பிலேயே இருக்கட்டும் என்கிறார்.

சேர்க்கைப் பதிவேட்டை நானே இழுத்து எழுதினேன். பெயர், சோனாமுனி. தாய்மொழி, வங்காளம். தகப்பன் நாலடி தூரத்தில் நிற்கிறார். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் டிவிஷன் பிழைத்தது, எனக்கு அது போதுமாயிருந்தது.

ஜூன் போனது, ஜூலை போனது. சோனாமுனி வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் இருப்பதை அப்படியே அழகாக எழுதிக் கொடுப்பாள். கேட்டால் பதில் கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது. நான் சும்மா இருக்கிறவள் இல்லை. வங்காளத்தில் எண் சொல்லும் பாட்டு ஒன்றை என் மகனைக் கொண்டு போனில் தேடி எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். ஏக், துய், தீன், சார், பாஞ்ச் என்று பத்து வரைக்கும் பெரிய அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமை கடைசிப் பீரியட் பாட்டு. இருபத்தெட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போட்டுப் பாடும், நாலுக்கு 'சார்' என்று வரும் இடத்தில் என்னைக் கை காட்டிச் சிரிக்கும். இருபத்தொன்பதாவது பிள்ளை அட்டையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி அட்டையைப் பார்க்கும்.

"உன் பாட்டுதானே மக்களே. நீயே பாடலேன்னா பின்னெ யாரு பாடுவா?" என்று ஒரு புதன்கிழமை அவளைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் உதடு அசையவில்லை. இறக்கிவிட்டபோது கண் நிறைந்திருந்தது. எனக்கு அப்போது வந்தது இரக்கம் இல்லை, கோபம். இத்தனை பாடுபட்டு அவள் பாஷையைக் கொண்டு வந்திருக்கிறேன், இந்தப் பிடிவாதமா என்று கோபம். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு மருத்துவ முகாம் வந்தது. காதிலோ பேச்சிலோ புத்தியிலோ குறை இருக்கும் என்று சந்தேகப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நான் சோனாமுனிக்கு நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி: தாய்மொழியில் பேசினால் பிள்ளை மறுமொழி தருகிறதா? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 'இல்லை'யின் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காலையில் வரிசையாகப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர், தாய்மொழியிலும் பேசாத பிள்ளை என்று வகுப்பாசிரியையே எழுதியிருந்தால் அதை நம்பாமல் என்ன செய்வார்? புத்தி வளராத பிள்ளை என்று சான்றிதழ் வரும். ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்வார்கள். தாய் கிடையாது. தகப்பன் விடிந்ததும் வேலைக்கு ஏறுகிறவர். யார் கொண்டுபோய் விடுவது? கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் குவியலோடு அவள் படிப்பு முடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்தும், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முகாம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவிக் கவிழ்த்த நேரம். மாரிச்செல்வி மூச்சிரைக்க ஓடிவந்தாள். தம்பானூர் ஓட்டல் சமையல்காரரின் மகள், வகுப்பில் வாயாடிகளில் முதலிடம். வலது கையில் ஐந்து கல், இடது கையில் சோனாமுனியின் மணிக்கட்டு.

"சார், இவ கள்ள எண்ணு எண்ணுதா சார்!"

இங்கே கொத்தங்கல்லு என்பார்கள், அஞ்சாங்கல் ஆட்டம்தான். கடைசியில் கற்களைத் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, மறுபடி வீசி உள்ளங்கையில் பிடித்ததை எண்ணிக் கணக்கு வைப்பார்கள்.

"அவ பேசவே மாட்டாளே பிள்ளே. பின்னெ எங்ஙன எண்ணினா?"

"பேசுவாளே! ஆட்டத்துல எப்பவும் எண்ணுவா சார். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவா. நாங்க போட்டும்னு விட்டுட்டோம்."

"இத்தனை நாளும் விட்டுட்டு இன்னிக்கு என்ன வந்தது?"

"இன்னிக்கு அவ ஜெயிச்சிட்டா சார்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கல்லை வாங்கி சோனாமுனியின் முன்னால் வைத்தேன். அவள் விரல்களை மடக்கி உள்ளங்கையை மறைத்தாள், அடி விழும் என்று நினைத்திருக்க வேண்டும். புகார் கொண்டு வந்த மாரிச்செல்வியே அவள் தோளைத் தட்டி, "எண்ணுளா, சார் அடிக்க மாட்டாவ" என்றாள். கல்லைத் தொட்டுத் தொட்டு, எனக்குக் கேட்டும் கேட்காத குரலில் அவள் எண்ணினாள். மித். பார். பே. போன். மோணே. ஐந்து கல் தீர்ந்ததும் விரலுக்குத் தாவினாள். துருய், எயாய், இரல், ஆரே, கேல்.

தலைக்கு மேலே சுவரில் என் அட்டை. ஏக், துய், தீன். பத்து எண்ணில் ஒன்றுகூட ஒட்டவில்லை.

வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்குகிற எல்லாரையும் இந்த ஊர் பெங்காலி என்கிறது. நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். பாண்டி என்று என்னை ஒரு மூட்டையில் கட்டியதற்கு ஒரு தவணை முழுக்கச் சண்டை போட்டவள், இந்தப் பிள்ளையை இன்னொரு மூட்டையில் கட்டியிருக்கிறேன். தெரியாத பாஷையில் பாடச் சொல்லி மேசைமேல் நிறுத்தியிருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த சிமென்ட் தரையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

பள்ளி விட்டதும் நேராகத் தம்பானூருக்கு நடந்தேன். உள்ளங்கையில் மூன்று எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தேன், வழியில் மறந்துவிடக் கூடாது என்று. பாதி எழும்பிய நாலு மாடிக் கட்டடம். சாந்துச் சட்டியோடு இறங்கி வந்த சுகலால் என்னைக் கண்டதும் பதறினார். அவருக்குத் தெரிந்தது வேலை இடத்து மலையாளம்.

"சாரே, மோள்? மோள் எந்து செய்து?"

"மோள் ஒண்ணும் செய்யல. வீட்டுல நீங்க பேசுறது ஏது பாஷை?"

"பெங்காலி." யோசிக்கவே இல்லை.

"உறப்பா? நிச்சயமாத்தானா?"

"பெங்காலி, சாரே. பெங்காலி."

நான் கையை விரித்துப் பார்த்துச் சொன்னேன். "மித். பார். பே."

அவர் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "போன்" என்றார். "மோணே." அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு கேல் வரைக்கும் போனார். மேலே சாரத்தில் நின்ற இரண்டு பேர் கீழே எட்டிப் பார்த்து அவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

"சந்தாளி, சாரே. இது சந்தாளி." வங்காளப் பக்கத்துப் பழங்குடி மக்களின் பாஷை அது.

"பின்னெ ஏன் பெங்காலின்னு சொல்லுறிய?"

"ஆத்யம் சந்தாளி பறஞ்ஞு. ஆர்க்கும் அறியில்ல. பின்னெயும் பின்னெயும் சோத்யம். பெங்காலி பறஞ்ஞால் சோத்யம் தீர்ந்து." முதலில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். யாருக்கும் அது புரியவில்லை. பெங்காலி என்றால் கேள்வி நின்றுவிடுகிறது என்று கண்டுகொண்டிருக்கிறார். கேள்வியே கேட்காத என்னைப் போன்றவர்கள் நிறைந்த ஊரில் அவருக்கு அது வசதியாகவும் போயிருக்கிறது.

"மோள் வீட்டுல பேசுமா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாரே, உறங்ஙும் வரெ பேச்சு!"

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னால் எச்.எம். அறையில் நின்றேன். படிவங்கள் சாயங்காலம் நாலு மணிக்குப் போகவேண்டியவை. "சார், சோனாமுனியோட படிவத்தை அனுப்பக் கூடாது. நான் எழுதினது தப்பு" என்று நடந்ததைச் சொன்னேன்.

"தெளிவு எவிடெ?"

"தகப்பன் வாயால சொன்னாரு. பிள்ளை பத்து வரை எண்ணிச்சு. நான் கேட்டேன்."

"பெங்காலி என்னு எழுதியப்போழும் நிங்ஙள் கேட்டதாணல்லோ" என்றார். அன்றைக்கும் காதால் கேட்டுத்தானே எழுதினாய் என்று அர்த்தம். குரலில் ஏற்றமே இல்லை. சுருக்கென்று தைத்தது. பதிவேட்டைத் திருத்த வாய்ப்பேச்சு போதாது. தகப்பனின் விண்ணப்பம் வேண்டும், என் விளக்கம் எழுத்தில் வேண்டும், இரண்டும் மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார்.

விளக்கத்தை எழுதி அனுப்பினேன். 'தகவல் பிழையால் தவறாகப் பதியப்பட்டது.' பியூனின் செருப்புச் சத்தம் கேட்டது. துண்டுத்தாளில் சிவப்பாக ஒரே வார்த்தை, "ஆருடெ?" யாருடைய பிழை என்று கேட்கிறார். ஒப்பம் இட்டேன். இரண்டாவது எழுதினேன். 'அழைத்து வந்த சூப்பர்வைசர் வங்காளம் என்று கூறியதால்.' மறுபடி செருப்புச் சத்தம். "பிதாவினோடு சோதிச்சோ?" தகப்பனைக் கேட்டாயா என்கிறார். இரண்டாவது துண்டிலும் ஒப்பம் இட்டேன். இருபத்தெட்டு வருட சர்வீஸில் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. பிறகு மூன்றாவது தாளில் ஒரே வரி எழுதினேன். 'தகப்பன் எதிரில் நின்றார், நான் அவரைக் கேட்கவில்லை.' இந்த முறை செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

மத்தியான இடைவேளையில் சுகலால் வந்தார். விண்ணப்பத்தை விலாசினி டீச்சர் அவருக்கு வார்த்தை வார்த்தையாக வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினார். அதை முடித்துக்கொண்டு நேரே என் வகுப்பு வராந்தாவுக்கு நடந்தார். மாரிச்செல்வியும் சோனாமுனியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எச்.எம்.மைக் கண்டு எல்லாரும் எழுந்தார்கள். அவர் கையமர்த்திவிட்டு, கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

கல்லை வாங்கினார், தூக்கிப் போட்டார். புறங்கையில் மூன்று தங்கின. மறுபடி வீசி மூன்றையும் பிடித்துக் கையை மூடினார். "நாலு" என்று உரக்கச் சொன்னார்.

சோனாமுனி நிமிர்ந்தாள். இரண்டு மாதமாக யார் முகத்தையும் நேராகப் பார்க்காத பிள்ளை, எச்.எம்.மின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே இருந்த கற்களைத் தொட்டாள். "மித். பார். பே." மூன்று விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இன்னும் சத்தமாக, "பே!" என்றாள். தூணோரம் நின்ற சுகலால் அவளை அதட்ட வாயெடுத்தார். விலாசினி டீச்சர் அவரைப் பார்த்துக் கை காட்டித் தடுத்தார்.

"மதி. எனிக்கு இது மதி" என்று எழுந்தார். அவருக்கு இது போதும். காது கேட்கிறது, நாலு என்ற சொல் புரிகிறது, பெரியவர் சொன்னாலும் தப்பு தப்பு என்று சொல்லத் தெரிகிறது. வேறென்ன தெளிவு வேண்டும்? அறைக்குப் போய் என் படிவத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. குறுக்கே சிவப்பில் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டு டிராயரில் வைத்துப் பூட்டினார். வேண்டுமென்றே நாலு என்று சொன்னாரா, எண்ணிக்கை தவறிவிட்டதா என்று அவர் ஓய்வு பெற்ற நாளில் கேட்டேன். "ஞான் கணக்கு டீச்சராணு ரூபி" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பதிவேட்டில் 'வங்காளம்' என்பதன் மேல் ஒற்றைச் சிவப்புக் கோடு போட்டு, மேலே 'சந்தாளி' என்று எழுதினார். பக்கத்தில் அவர் கையெழுத்து. அதன் கீழே, பிழை செய்தவர் என்ற முறையில், என் கையெழுத்து. அதோடு விட்டாரா? மறுநாள் ஆஜர் புத்தகத்துக்குள் துண்டுத்தாள் இருந்தது. "பாக்கி?"

பாக்கி இருபத்தெட்டுப் பேரின் வீட்டுக்கும் போனேன். எல்லாருக்கும் தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியவள் நான். ஏழு வீடுகளில் வேறு பாஷை இருந்தது. ஐந்தில் தெலுங்கு, ஒன்றில் சௌராஷ்டிரம், ஒன்றில் கன்னடம். அந்த ஐந்தில் ஒன்று மாரிச்செல்வியின் வீடு. அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள். "வீட்டுக்குள்ள தெலுங்குதான் சார். ஊருல கோவில்பட்டிப் பக்கம் எல்லாரும் அப்படித்தான். வெளிய சொன்னா சிரிப்பாவன்னு சொல்லுததில்ல." கள்ள எண்ணு என்று புகார் கொண்டு வந்தவளுக்கும் வீட்டில் வேறு எண் இருந்திருக்கிறது.

அடுத்த திங்கள்கிழமை சுவர் அட்டையைக் கழற்றினேன். ஆஜர் எடுக்கும்போது நான் பெயர் சொல்ல, பிள்ளைகள் அந்தந்த வாரத்துப் பாஷையில் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். அந்தப் பாஷை யார் வீட்டில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் அந்த வாரம் ஆசிரியர். நான் பெஞ்சில் உட்காருவேன், தப்பாகச் சொன்னால் எனக்கும் திருத்தம் உண்டு. முதல் வாரம் சந்தாளி. சோனாமுனி என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, என் 'எயாய்' சரியில்லை என்று ஐந்து தடவை சொல்ல வைத்தாள். புதன்கிழமைப் பாட்டுப் பீரியடுக்கு சுகலால் அரை நாள் லீவு கேட்டு வந்தார், கையில் காலியான பெயின்ட் வாளி. அவர் அதைக் கவிழ்த்து வைத்துத் தட்ட, மகள் பாடினாள். பிள்ளைகள் கை கோத்து வரிசையாக முன்னும் பின்னும் கால் வைத்து ஆடினார்கள். எவரும் புது உடுப்பு உடுத்தியிருக்கவில்லை. சுகலால் பேன்ட்டில் சிமென்ட் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் தெலுங்கு. மாரிச்செல்வி ஒகட்டி, ரெண்டு என்று தொடங்கியபோது முதலில் சிரித்தது அவளேதான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து கட்டடம் முடிந்தது. சுகலாலுக்கு வேறு ஊரில் வேலை. டி.சி.யை விலாசினி டீச்சர் தம் கையாலேயே எழுதினார். தாய்மொழி எங்கே எழுதியிருக்கிறது என்று சுகலால் கேட்டார். காட்டினோம். மை காய்ந்திருந்தும் அந்த இடத்தில் ஒருமுறை ஊதிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சோனாமுனி ஐந்து கல்லையும் மாரிச்செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மாரிச்செல்வி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, நானும் அவளை வற்புறுத்தவில்லை.

அஞ்சனா, உடுப்பு தைக்கிறதற்கு முன்னால் அலமாரியைத் திற. அந்த வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டை எடு. சிவப்புக் கோடுகள் அதில்தான் இருக்கும், கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது. கீழே என் கையெழுத்தைப் பார். அப்புறம் உன் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போ. கணினியின் பட்டியலில் அவர்கள் பாஷை இல்லாவிட்டால், எழுத இடம் வரும்வரை விடாதே. வெறுமனே பெங்காலி என்று யாராவது சொன்னால் இரண்டாம் தடவை கேள். அப்படியும் சொன்னால், எண்ணச் சொல்.

என் கடைசி வருடத்து ஜூனில், அதே ஆறாம் வேலை நாள் காலை. எல்லைப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர வந்த ஒரு சிறுமி, தகப்பன் கையை விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். ஒரு நிமிஷத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

"சார், அந்தப் பிள்ளைங்க கள்ள எண்ணு எண்ணுது!"

போய்ப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சோனாமுனியை ஒரு நாளும் கண்டிராதவர்கள். மித், பார், பே, போன் என்று வேகமாகக் கணக்கு ஓடியது. மூன்றாம் வகுப்புக்காரியாகிவிட்ட மாரிச்செல்வி நடுவில் நடுவராக உட்கார்ந்திருந்தாள். அழுகிறவளைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினாள்.

"எதுக்குளா அழுத? கள்ள எண்ணெல்லாம் ஒண்ணும் கெடையாது. உங்க வீட்டுல எப்படி எண்ணுவிய? சொல்லு."

நான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, தகப்பனையும் கூப்பிட்டுக்கொண்டு போய், அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.